தோள் ஊக்கு

திருச்செந்தூர் சாலையில், ஒரு பக்கம் உப்பளமும் மறுபக்கம் பல்கலைக்கழக விடுதியுமாக, கதவுக் கீல்களும் ஜன்னல் கம்பிகளும் வருஷத்துக்கு வருஷம் துருப்பிடித்து உதிர்ந்துகொண்டிருக்கும் எங்கள் ஆய்வு நிறுவனத்தில், உப்பு வாரும் பருவம் தொடங்கிய மாதத்தில், வேலம்மாள் என்கிற உப்பளத் தொழிலாளியின் குரல் மைக்குக்குள் போய்த் தங்கிவிட்டது. அது வெளியே வர மழைக்காலம் நெருங்க வேண்டியிருந்தது. நடுவிலிருந்த காலமெல்லாம் நாங்கள் அந்தக் குரலோடுதான் வேலை பார்த்தோம்.

எங்கள் நிறுவனத்தில் ஆய்வு மாடியில் நடக்கும். கீழ்த்தளத்தில், எங்கள் பிரிவில், விழா நடக்கும். அழைப்பிதழ் அடிப்பது, மேடைப் பேனரில் யாருடைய படம் யாருடையதைவிடப் பெரிதாக இருக்கலாம் என்று பார்ப்பது, பெயர்ப்பலகைகளைப் பதவி வரிசையில் மேசைமேல் நிறுத்துவது, சிறப்பு விருந்தினர் ஏற்றும்போது சட்டென்று பற்றிக்கொள்ளவேண்டும் என்பதற்காகக் குத்துவிளக்குத் திரிகளை முன்கூட்டியே ஒருமுறை கொளுத்தி அணைத்து வைப்பது, முன் வரிசைகளுக்கு மட்டும் தண்ணீர் பாட்டில் வைப்பது, பின் வரிசைகளை ஆட்களால் நிரப்புவது. கடைசியாகச் சொன்னதுதான் சிரமம். உப்பளத்து மக்களைப் பற்றிய கருத்தரங்கில் உப்பளத்து மக்களே உட்கார்ந்திருக்கும் புகைப்படம் டெல்லிக்குப் போகும் அறிக்கையில் இருந்தாகவேண்டும் என்பதால், காலையிலேயே பல்கலைக்கழகப் பேருந்து ஏதாவதொரு குடியிருப்புக்குப் போய்ப் பெண்களை ஏற்றி வரும். அவர்கள் கழுத்தில் ‘பயனாளி’ என்று அச்சடித்த அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு, ஆங்கிலத்தில் நடக்கும் உரைகளை மதியம்வரை கேட்டு, தயிர்சாதப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு போவார்கள். போவதற்கு முன் அவர்களில் ஒருத்தியிடம் மைக்கைக் கொடுத்து, “ரொம்பப் பயனுள்ளதா இருந்துச்சு, நிறுவனத்துக்கு நன்றி” என்று சொல்லச் சொல்வோம். நிகழ்ச்சி நிரலில் அதற்குப் ‘பயனாளி கருத்துரை’ என்று பெயர். அதைச் சொல்லிக்கொடுப்பது சந்தனாவின் வேலை.

சந்தனா எனக்கு அடுத்த மேசை. முழுப்பெயர் சந்தனமாரி, அந்த ‘மாரி’யை வேலைக்குச் சேர்ந்த அன்றே அவள் வாசலில் விட்டுவிட்டு வந்திருந்தாள். எம்.காம். படித்தவள், குனிந்த தலை, திருத்தமான கையெழுத்து. ஊர் எது என்று கேட்டால், “இங்கதான், டவுன் பக்கம்” என்பாள். அம்மா என்ன செய்கிறார்கள் என்றால், “வீட்ல இருக்காங்க.” அவள் அம்மா வேலம்மாள் வீட்டில் இருந்ததே இல்லை. விடியுமுன் உப்பளத்தில் இறங்கி, வெள்ளை கண்ணில் குத்தத் தொடங்கும்வரை உப்பை வாரி வரப்பில் ஏற்றுகிறவள் அவள். சந்தனா சொன்ன பொய்யை நாங்கள் பொய்யாக எடுத்துக்கொள்ளவில்லை. கேட்டதற்கு வந்த பதிலாக எடுத்துக்கொண்டு அடுத்த வேலையைப் பார்த்தோம்.

அந்த மாதக் கருத்தரங்கு நாளில் வழக்கமான குடியிருப்பில் கோயில் கொடைத் திருவிழா. ஆகவே பேருந்து வேறொரு குடியிருப்புக்குப் போனது. பதிவு மேசையில் பட்டுச்சேலை கட்டி உட்கார்ந்து அட்டைகளைக் கொடுத்துக்கொண்டிருந்த சந்தனா, அடுத்த அட்டைக்கு நீண்ட கையில் உப்பு அரித்த நகங்களைப் பார்த்துத் தலை நிமிர்ந்தபோது, அது அவள் அம்மா. வேலம்மாள் மகளுடைய பழைய கல்லூரிச் சேலை ஒன்றைக் கட்டியிருந்தாள். அவள் சிரிக்கவில்லை, கூப்பிடவில்லை. யாரோ ஒரு அலுவலகத்துப் பெண்ணிடம் வாங்குகிற மாதிரி கண்ணைத் தாழ்த்தி, “தாங்க மேடம்” என்று அட்டையை வாங்கிக்கொண்டு போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். அவளுக்குப் பின்னால் வந்த, சந்தனாவுக்குப் பெரியம்மா முறையான பாக்கியத்தாயும் அப்படியே, மற்றவர்களும் அப்படியே. பிறந்தது முதல் தன்னை இடுப்பில் தூக்கித் திரிந்த பெண்கள் எல்லாரும், ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமலே, தன்னைத் தெரியாதவர்களாக மாறி வரிசையில் போனதைச் சந்தனா பார்த்தாள். அவளுக்கு அப்பாடா என்றிருந்தது. அப்படி இருந்ததுதான் பின்னால் அவளைத் தூங்கவிடாமல் செய்தது.

எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. கருத்துரை நேரம் வந்தபோது பின்வரிசைப் பெண்கள் யார் பேசுவது என்று ஒருவரையொருவர் தள்ளிவிட்டு, கடைசியில் எல்லாருமாக வேலம்மாளைத் தள்ளினார்கள். அந்த வட்டாரத்தில் வாய் என்றால் வேலம்மாள் வாய்தான். தண்ணீர் லாரி சாலையோடு போய்விடப் பார்க்கிற நாட்களில், அவள் வரப்பில் நின்று போடுகிற சத்தத்துக்கு லாரி பின்னாலேயே நகர்ந்து உப்பளத்துக்குள் வந்து நிற்கும். மைக்காரர் கிளாட்சன் அவள் கையில் மைக்கைக் கொடுத்தார். அதே நேரத்தில் மேடையில் சந்தனா பொன்னாடைத் தட்டோடு சிறப்பு விருந்தினர் பக்கம் நடந்துகொண்டிருந்தாள். தட்டின் கனத்தில் இடது தோளில் குத்தியிருந்த ஊக்கு திறந்து, முந்தானை மெல்ல நழுவிக்கொண்டிருந்தது. மேடையிலிருந்த யாரும் அதைக் கவனிக்கவில்லை. கடைசி வரிசையிலிருந்து ஒரே ஒருத்தி கவனித்தாள். காலையிலிருந்து கட்டிக் காத்த வேஷமெல்லாம் அவளுக்கு மறந்துபோனது.

“ஏட்டி, தோள் ஊக்கு கழண்டிருக்கு பாரு!”

அரங்கின் நான்கு மூலை ஒலிபெருக்கிப் பெட்டிகளிலும் அது கேட்டது. எல்லாரும் சிரித்தார்கள். இயக்குநர் ஞானசிகாமணியும் சிரித்தார், தன் முன்னாலிருந்த மைக்கை மறந்து சந்தனா பக்கம் திரும்பி, “என்னம்மா, தெரிஞ்சவங்களா?” என்று கேட்டார். சந்தனா அதே மைக்குக்குப் பக்கத்தில் நின்றுதான் பதில் சொன்னாள்.

“இல்ல சார். யாருன்னு தெரியல.”

அதுவும் நான்கு மூலையிலும் கேட்டது.

வேலம்மாள் அதன்பிறகு நன்றி சொல்லத்தான் வாயைத் திறந்தாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. பேட்டரி போய்விட்டது என்று கிளாட்சன் மைக்கை வாங்கித் தட்டிப் பார்த்தார். சந்தனா தோளைத் தொடவே இல்லை. தொட்டால் அம்மா சொன்னதைக் கேட்டதாகிவிடும் என்று, நழுவுகிற முந்தானையை முழங்கையால் இடுக்கியபடியே நிகழ்ச்சி முடியும்வரை நின்றாள்.

அடுத்த நிகழ்ச்சியில் கிளாட்சன் மைக்கைப் போட்டதும் அது “ஏட்டி, தோள் ஊக்கு கழண்டிருக்கு பாரு” என்றது. வேறு மைக்கை மாட்டினார், அதுவும் சொன்னது. ஆம்ப்ளிஃபயரை மாற்றினார், பெட்டிகளை மாற்றினார், வாடகைக்கு வேறு செட் கொண்டுவந்தார். எதைப் போட்டாலும் முதலில் அந்தக் குரல் அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிக்கும், பிறகுதான் மற்றவர்களைப் பேசவிடும். இயற்பியல் துறையிலிருந்து வந்து எர்த்திங் சரியில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். எங்கள் கண்காணிப்பாளர் கோமதி மேடம் எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டார். கிளாட்சன் தன் பங்குக்கு ஜெபம் செய்துவிட்டு வந்து, “மேடம், கெட்டது மாதிரி தெரியல. அக்கறையாத்தான் பேசுது. வுட்ருங்க” என்றார். நாங்களும் விட்டுவிட்டோம்.

பழகியது எப்படி என்று சொல்லவேண்டும். குரல் கேட்டதும் பெண்களெல்லாம் தங்களை அறியாமல் தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஆண்கள் சட்டைப் பித்தானைப் பார்த்துக்கொண்டார்கள். வெளியூரிலிருந்து வந்த ஒரு துணைவேந்தர் அப்படித் தோளைத் தொட்டபோது புதிய கோட்டின் கழுத்தில் விலைச்சீட்டு தொங்குவது கைக்குத் தட்டுப்பட்டு, மானம் காப்பாற்றப்பட்ட மகிழ்ச்சியில், இந்தியாவிலேயே விருந்தினரை இப்படிக் கவனிக்கிற நிறுவனம் வேறில்லை என்று மேடையிலேயே சொன்னார். அன்றோடு பிரச்சினை பெருமையாகிவிட்டது. நிகழ்ச்சி நிரலில் குத்துவிளக்கேற்றுதலுக்கும் வரவேற்புரைக்கும் நடுவில் ‘குரல்’ என்று ஒரு வரி சேர்ந்தது. டெல்லியிலிருந்து வந்த, சுடிதார் போட்ட, தோளில் ஊக்கே இல்லாத விஞ்ஞானி அம்மாள் அர்த்தத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, எனக்கும் ஒரு ஊக்கு கிடைக்குமா என்று கேட்டார். அதிலிருந்து பதிவு மேசையில் சந்தனக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் ஒரு தட்டு நிறைய ஊக்கு வைத்தோம். ஆண்களும் சட்டைத் தோளில் ஒன்று குத்திக்கொண்டார்கள், தொட்டுப் பார்க்க ஏதாவது வேண்டும் அல்லவா. மொழியியல் துறை மாணவன் ஒருவன் பெண்களை உரிமையோடு கூப்பிடும் ‘ஏட்டி’ என்ற விளியைப் பற்றிக் கட்டுரை வாசித்தான். குரல் கேட்பதற்காகவே பக்கத்துக் கல்லூரிகளிலிருந்து கூட்டம் வந்தது. பின்வரிசைகளை நிரப்பும் கவலை எங்களை விட்டுப்போனது. பேருந்தும் உப்பளத்துப் பக்கம் போவதை நிறுத்திக்கொண்டது.

இவ்வளவுக்கும் நடுவில் அந்தக் குரல் யாரைக் கூப்பிட்டது என்று நாங்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளவில்லை. அன்று மேடையில் யாருடைய ஊக்கு கழன்றிருந்தது என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் கேட்டால், நம்மை யாராவது கேட்டுவிடுவார்கள். கோமதி மேடத்துக்குக் கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவும் அக்கா ஒருத்தி இருந்தாள். கல்லூரி விடுதி வாசலில் பூக்கூடையோடு வந்து நின்ற என் சித்தியை, எங்கள் தெருக்காரம்மா என்று தோழிகளிடம் சொன்னவள் நான். இயக்குநர் தோளைத் தொடும்போது மட்டும் ஏன் கண்ணை மூடிக்கொள்கிறார் என்பதை நான் விசாரிக்கவில்லை. குரல் ஒலிக்கும் அந்த நொடியில் அரங்கம் முழுவதும் கைகள் தோளுக்குப் போகும். பொன்னாடைத் தட்டோடு நிற்கிற ஒருத்தியின் கை மட்டும் போகாது.

வீட்டில் வேலம்மாளுக்குக் குரல் திரும்பவில்லை. அவள் அதற்காக மருந்து தேடவில்லை, மகளிடம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளவும் இல்லை. சோறு வைத்தாள், தலை பின்னிவிட்டாள், அலுவலகம் கிளம்பும்போது வாசல்வரை வந்தாள். கோபித்துக்கொண்டால் தேவலை என்றிருந்தது சந்தனாவுக்கு. குடியிருப்பில் யாரும் ஆச்சரியப்படவில்லை. வைத்த இடத்தில் விட்டு வந்த பாத்திரத்தைப் பற்றிப் பேசுவதுபோல, வேலம்மாள் குரல் ஆபீசில் இருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள். ஆனால் தண்ணீர் லாரிக்கும் இது தெரிந்துபோயிற்று. அது வரப்புக்கு வருவதை நிறுத்தி, சாலையிலேயே ஒரு ஹாரன் அடித்துவிட்டுப் போனது. உச்சி வெயிலில் பெண்கள் பாத்தியை விட்டு ஏறி, குடங்களோடு சாலைக்கு ஓடினார்கள். வேலம்மாள் வரப்பில் நின்று கைகளை ஆட்டிக் கத்துவாள், கடற்காற்றுதான் கேட்கும். மயங்கி விழுந்த பாக்கியத்தாயை ஒருநாள் கட்டிலில் போட்டுத் தூக்கி வந்தார்கள். எழுந்து உட்கார்ந்ததும் அவள் சந்தனாவைக் கூப்பிட்டனுப்பினாள்.

“மாரி, ஒங்கம்மா வாயத் தொறந்தாத்தான்டி லாரி உள்ள வரும். போய்க் கேட்டு வாங்கிட்டு வந்துரு.”

“யார்ட்ட பெரியம்மா கேக்கது?”

“எங்க வுட்டியோ அங்க. நாங்க எதுவும் நெனைக்கல. பஸ்ல வரும்போதே பேசிக்கிட்டோம், பிள்ளைக்கு ஆபீஸ்ல கௌரவம் இருக்கும்ல, நாம காட்டிக்கப்புடாதுன்னு. ஒங்கம்மாதான் மொதல்ல சொன்னா.”

சந்தனா அன்றிரவு சாப்பிடவில்லை. மறுநாள் மதிய இடைவேளையில், யாருமில்லாத அரங்கில் கிளாட்சனிடம் சாவி வாங்கிக் கதவைச் சாத்திக்கொண்டு மைக்கைப் போட்டாள். குரல் சொன்னது. “சரிம்மா” என்றாள் அவள், மிக மெல்ல. தோளையும் தொட்டாள். மறுபடி போட்டாள், குரல் அதையே சொன்னது. பிறகு அந்தப் பழைய மைக்கைச் செய்தித்தாளில் சுற்றி வீட்டுக்கே கொண்டுபோய் அம்மாவின் மடியில் வைத்தாள். வேலம்மாள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு சத்தமில்லாமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். காலையில் மைக்கைத் திருப்பிக் கொடுத்தபோது கிளாட்சன் முகத்தைப் பார்க்காமல், வயரைச் சுற்றிக்கொண்டே சொன்னார்:

“தனியா பேசினா அதுக்குப் போதாதும்மா. அன்னிக்கு நீ சொன்னது நாலு பெட்டியிலயும் கேட்ட பேச்சு.”

நிறுவனத்தின் வெள்ளிவிழா வந்தது. இயக்குநர் எங்களைக் கூட்டிவைத்துப் பேசினார். அமைச்சகத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள், குரலைக் கேட்க ஆசைப்படுகிறார்கள், குரலுக்குச் சொந்தக்காரியைக் கண்டுபிடித்து ஒரு பொன்னாடையும் போர்த்திவிட்டால் படமாகவும் நன்றாக இருக்கும்.

“சந்தனா, அன்னிக்கு ரெஜிஸ்ட்ரேஷன் நீதானே. எந்த ஊரு அந்தம்மா? ஞாபகம் இருக்கா?”

நாங்கள் எல்லாரும் மேசையைப் பார்த்தோம்.

“இல்ல சார்” என்றாள் சந்தனா.

“பரவால்ல, அந்தப் பக்கத்து ஆளுங்க எல்லாரையும் கூட்டிட்டு வந்துருங்க. எப்படியும் அதுல ஒருத்தி இருப்பா. பின்னாடி உக்காரவைங்க.”

பேருந்து போயிற்று, வந்தது. அட்டை கொடுத்தது சந்தனாதான். “தாங்க மேடம்” என்று மற்றவர்கள் சொன்னார்கள். வேலம்மாள் சொல்ல முடியாமல் தலையை மட்டும் ஆட்டி வாங்கிக்கொண்டாள். அதே கல்லூரிச் சேலை. அதே கடைசி வரிசை. குளிர்சாதனம் முன்பக்கம் மட்டும் வேலை செய்தது. விருந்தினர்கள் தாமதமானதில் காலை மதியமாகிக்கொண்டிருந்தது. முன்வரிசை மேசைகளில் தண்ணீர் பாட்டில்கள் வியர்த்துக்கொண்டு நின்றன. பின்னால் பெண்கள் அட்டையை விசிறியாக்கிக்கொண்டிருந்தார்கள்.

விளக்கேற்றினார்கள். தொகுப்பாளினி குரலைத் தாழ்த்தி, “அடுத்து, குரல்” என்றாள். கிளாட்சன் பொத்தானை அழுத்தினார்.

“ஏட்டி, தோள் ஊக்கு கழண்டிருக்கு பாரு.”

அரங்கத்தின் அத்தனை கைகளும் தோளுக்குப் போயின. கைதட்டல் எழுந்தது. அமைச்சகத்துக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்து வியந்துகொண்டார்கள். மேடையோரத்தில் தட்டோடு நின்ற சந்தனா கடைசி வரிசையைப் பார்த்தாள். தன் குரல் தலைக்கு மேல் பெட்டியில் பேசுவதை, அதற்கு இவ்வளவு பேர் கைதட்டுவதை, வேலம்மாள் வாயைச் சற்றே திறந்தபடி அண்ணாந்து கேட்டுக்கொண்டிருந்தாள். தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள அவள் கையைக்கூடத் தூக்கவில்லை. காட்டிக்கொள்ளக்கூடாது என்று பேருந்தில் மறுபடியும் பேசி வைத்திருப்பார்கள்.

சந்தனா தட்டை இறக்கி வைத்தாள். மேசையில் இடமில்லாததால் இயக்குநரின் பெயர்ப்பலகை மேலேயே வைத்தாள். கை தோளுக்குப் போனது. ஊக்கைத் திறந்து எடுத்தாள். முந்தானை சரிய, அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, பேச்சு மேடையிலிருந்த மைக்குக்கு முன்னால் போய் நின்றாள்.

“எம்மா. ஆமாம்மா, கழண்டிருக்கு. இது எங்க அம்மா சார். அன்னிக்கும் தெரியும்.”

நான்கு மூலையிலும் கேட்டது. யாரோ சிரிக்கத் தொடங்கி நிறுத்தினார்கள். அவள் படியிறங்கினாள். அமைச்சகத்து வரிசையையும் பேராசிரியர்கள் வரிசையையும் மாணவர்கள் வரிசையையும் தாண்டி, அவிழ்ந்த முந்தானையோடு அந்த நீள நடைபாதை முழுக்க நடந்தாள். முகம் கன்றிப்போயிருந்தது, கழுத்துவரை சிவந்திருந்தது, ஆனாலும் நடந்தாள். கடைசி வரிசைக்கு வந்து ஊக்கை அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு, சின்னப்பிள்ளையில் பள்ளிக்கூடம் கிளம்பும்போது நின்ற மாதிரி, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

“குத்திவிடு.”

வேலம்மாள் எழுந்தாள். ஊக்கை உதட்டில் கவ்விக்கொண்டு, மகளின் முந்தானையை எடுத்து உதறி, மடிப்பு மடிப்பாக அடுக்கத் தொடங்கினாள். அவசரமே படவில்லை. ஒரு மடிப்பு சரியில்லை என்று கலைத்துவிட்டு முதலிலிருந்து அடுக்கினாள். அவள் பேசுவாளா என்று அரங்கமே திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தது. வாயில் ஊக்கு இருக்கும்போது யார்தான் பேச முடியும். மேடையில் கிளாட்சன் மைக்கை அணைத்து மறுபடி போட்டார். இரைச்சல் மட்டும் வந்தது. அணைத்து, இன்னொருமுறை போட்டார். இரைச்சல்தான்.

வேலம்மாள் உதட்டிலிருந்த ஊக்கை எடுத்துத் தோளில் குத்தினாள். இழுத்துப் பார்த்தாள். நின்றது. மகளின் தோளில் கையை வைத்தபடியே நிமிர்ந்து, மேடையைப் பார்த்து வாயைத் திறந்தாள்.

“எய்யா, காலையிலருந்து உக்காந்திருக்கோம். எங்களுக்குத் தண்ணி எங்கய்யா?”

மைக் இல்லாமலே அது நான்கு மூலைக்கும் போனது. லாரியை வரப்புக்கு இழுத்து வந்த குரல்.

அந்தக் குரலைக் கேட்டதும், பழகிய பழக்கத்தில், நாங்கள் எல்லாரும் கையைத் தூக்கி எங்கள் தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டோம். இயக்குநர் தொட்டார், அமைச்சகத்துக்காரர்கள் தொட்டார்கள், கோமதி மேடம் தொட்டார், நான் தொட்டேன். அங்கே எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அவள் கேட்டது அதை இல்லை என்பது புரிந்தபிறகும் கையை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியாமல் அப்படியே நின்றோம். சந்தனமாரி மட்டும் முன்வரிசைக்கு வந்து, மேசைகளிலிருந்த பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்து, மேடையில் வைத்திருந்த பொன்னாடைத் தட்டைக் கொண்டுவந்து அதில் அடுக்கிக்கொண்டு, எங்கள் நடுவே பின்வரிசைக்கு நடந்து போனாள்.